மண்ணுக்குக் காய்ச்சல் கண்ட மூன்று நாள்

வெயிலுகந்தபுரத்தில் அந்த வருஷம் வரைக்கும் நான் போட்ட போர் நூற்றுப் பதினேழு. நூற்றுப் பதினாறும் தண்ணீருக்கு. கடைசி ஒன்றில் மட்டும் யாரும் தண்ணீர் கேட்கவில்லை. மண் எவ்வளவு சூட்டை வாங்கிக்கொள்ளும் என்று கேட்டார்கள்.

அந்த ஊரில் சூட்டுக்குப் பஞ்சம் கிடையாது. அம்மன் பேரே வெயிலுகந்தாள். மற்ற ஊர் அம்மன்கள் வேம்புக்கடியிலும் குளக்கரையிலும் இடம் பார்த்து உட்கார்ந்தபோது இவள் மட்டும் பொட்டல் நடுவில், கூரை வேண்டாம், மரம் வேண்டாம், இந்த வெயிலே போதும் என்று உட்கார்ந்தவள். அவளுக்குப் பிடித்த வெயில் அவளுக்குக் கீழே குடியிருக்கிறவர்களுக்கும் பிடிக்கும் என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். ஊரில் யாரும் மறுத்துப் பேசவில்லை. பிறந்த பிள்ளைகள்தான் மறுத்தன.

ஆரம்ப சுகாதார நிலையத்தின் பிரசவ வார்டில் சித்திரை வந்தால் நாற்பது டிகிரி. அன்று பிறந்த உடம்புக்கு அது ஆகாது. ஏசி வைத்துப் பார்த்தார்கள். அது வார்டுக்குள் இருக்கிற சூட்டை எடுத்துக்கொண்டுபோய் வெளியே வெயிலில் கொட்டப் பார்த்தது. வெயில் வாங்க மாட்டேன் என்றது. மூன்றாம் நாள் ஏசி புகைந்து நின்றது. போன வருஷம் சித்திரை வைகாசி இரண்டு மாசமும் வார்டைப் பூட்டிவிட்டு, வலி கண்டவர்களை நாற்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளிப் பெரியாஸ்பத்திரிக்கு வேனில் ஏற்றினார்கள். என் மகள் சண்முகக்கனிக்குப் பதினெட்டாவது கிலோமீட்டரில் பிள்ளை பிறந்தது. இருபத்தேழாவது கிலோமீட்டரில் போய்விட்டது. பெண் பிள்ளை. அதற்கு மேல் அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இந்த வருஷம் வார்டை ஒரேயடியாக மூடிவிடலாம் என்று மேலே முடிவாகிக்கொண்டிருந்தபோதுதான் சுகிர்தா வந்தாள். மார்த்தாண்டத்துக்காரி, முப்பது வயது, இன்ஜினியர். வெயில் வாங்காத சூட்டை மண் வாங்கும் என்றாள். முந்நூறு அடிக்குக் குழி போட்டு, கறுப்பு பைப்பை வளைத்து உள்ளே இறக்கி, தண்ணீரைச் சுற்றவிட்டால், வார்டின் சூட்டை அந்தத் தண்ணீர் கொண்டுபோய்ப் பூமிக்குள் வைத்துவிட்டுத் திரும்பும். ஆனால் எல்லா மண்ணும் வாங்காது. முதலில் ஒரே ஒரு குழி. அதில் மூன்று நாள், எழுபத்திரண்டு மணி நேரம், ஏற்ற இறக்கமில்லாமல் சூடான தண்ணீரை ஓட்டிப் பார்க்க வேண்டும். மண் வாங்கினால் வார்டு நிற்கும். வாங்காவிட்டால் பூட்டு.

"நடுவுல ஒரு நிமிஷம் நின்னாலும் போச்சு அண்ணாச்சி," என்றாள். "மறுபடி மண்ணு பழைய நெலைக்கு வரப் பதினைஞ்சு நாள் காத்திருக்கணும். அதுக்குள்ள எனக்குக் குடுத்த தவணை முடிஞ்சிரும்."

"கரண்டு?"

"அதுதான் பயமே. வோல்டேஜ் ஏறி இறங்கினாலும் கணக்கு கெட்டிரும்."

வெயிலுகந்தபுரத்தில் வோல்டேஜ் காலையில் நூற்றெழுபது, மாலையில் இருநூற்றைம்பது. மாவு மில் ஓடினால் தெருவிளக்கு கண்ணைச் சுருக்கும். அதை அவளிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? குழியைப் போட்டேன். எட்டு அடி கரிசல், ஆறடி சுக்கான் கல், அதற்குக் கீழே முழுக்கப் பாறை. பைப்பை இறக்கி, களிமண் குழைத்து ஊற்றி மூடி, ஒரு வாரம் ஆறவிட்டோம்.

தப்பு நடந்தது போர்டில். சோதனை நடக்கும் இடத்தில் பெயர்ப்பலகை வைக்க வேண்டும் என்பது சட்டம். புதுப் பலகைக்கு நேரமில்லை. கொசுக் காலத்தில் மாட்டிய 'காய்ச்சல் பரிசோதனை முகாம்' பலகை ஸ்டோர் ரூமில் இருந்தது. மண்ணைக் காய்ச்சித்தானே பார்க்கப் போகிறோம் என்று நானே 'மண்' என்பதை முன்னால் எழுதி, 'முகாம்' மேல் சுண்ணாம்பு அடித்து மாட்டினேன். மண் காய்ச்சல் பரிசோதனை. ஊர் முழுக்க அதைப் படித்தது. மண்ணும் படித்திருக்கும் போல.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஹீட்டரைப் போட்டாள் சுகிர்தா. ஆறு கிலோவாட். ஒரு கல்யாண வீட்டு வெந்நீருக்குக் காணாது. ஆனால் பன்னிரண்டு மணிக்குக் கீழத்தெருக்காரர்கள் உள்ளங்கால் சுடுகிறது என்றார்கள், ஒரு மணிக்கு மேலத்தெருக்காரர்கள் சொன்னார்கள், இரண்டு மணிக்குக் கோழிகள் எல்லாம் கூட்டை மறந்து வெறும் தரையில் வயிற்றை அழுத்திப் படுத்துக்கொண்டன, மூன்று மணிக்குக் கிணற்றுத் தண்ணீர் பிள்ளை குளிப்பாட்டும் பதத்துக்கு வந்தது, நான்கு மணிக்கு மண் நடுங்கியது. நில நடுக்கமில்லை, அது வேறு, இது குளிர் ஜுரக்காரன் போர்வைக்குள் நடுங்குகிற நடுக்கம், விட்டு விட்டு வந்தது, ஒவ்வொரு வீட்டிலும் சட்டி பானைகள் பல் அடித்துக்கொள்வதுபோல் கிடுகிடுத்தன.

சிஸ்டர் அந்தோணியம்மாள் பதினாறு வருஷமாக அந்த வார்டைக் கட்டி மேய்க்கிறவள். வார்டிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்து வந்தாள். குழிப் பக்கம் குந்தி, ஈர மண்ணுக்குள் சொருகி, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் வைத்து, எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நூத்தி ரெண்டு," என்றாள். "காய்ச்சல்தான்."

சுகிர்தா கணக்கு நோட்டைப் புரட்டினாள். "ஆறு கிலோவாட்டுக்கு இப்படி ஊரு பூரா வராது, சிஸ்டர். நூறு வருஷம் ஓட்டினாலும் வராது."

"வந்திருக்குல்லா?"

வந்திருந்தது. சுகிர்தா நோட்டை மூடினாள்.

ஐந்து மணிக்கு டீக்கடைக் குருசாமி கடப்பாரையோடு வந்தான். பின்னால் நாற்பது பேர்.

"அண்ணாச்சி, தள்ளிக்கோரும். மண்ணை உசுரோட வேக வைக்கேரா? நாளைக்கு வெதைச்சா மொளைக்குமாவே?"

"உன் கடையில வெந்ததை விடவா?" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். குருசாமி சிரிக்கவில்லை. கடப்பாரையை ஓங்கிக்கொண்டு ஸ்விட்ச் பெட்டிக்கு நேராக நடந்தான். நான் குறுக்கே நின்றேன். எனக்கு வயது அறுபத்தெட்டு, அவனுக்கு நாற்பது. எவ்வளவு நேரம் நின்றிருப்பேன் என்பது தெரியாது. மகள் கனி என் பக்கத்தில் வந்து நின்றாள். ஒரு வருஷமாக வீட்டை விட்டு வெளியே வராதவள்.

அப்போதுதான் மாடத்தி துடைப்பத்தோடு வந்தாள். வார்டு கூட்டுகிறவள் அவள்தான். ஆடி மாசம் வெயிலுகந்தாள் இறங்குவதும் அவள் மேல்தான். கூட்டுகிறபோது அவளை யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இப்போது துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு மண்ணில் உள்ளங்கையை வைத்தாள். வெகு நேரம் வைத்திருந்தாள்.

"ஏ குருசாமி. ஒன் மவளுக்கு அம்மை போட்டுச்சே, மூணாம் வருசம். என்ன செஞ்ச?"

"என்ன செய்ய? வேப்பிலை போட்டுப் படுக்க வச்சோம்."

"பாதியில நிறுத்துனியா?"

"அதெப்படி நிறுத்த? வந்தவ வெளையாடி முடிச்சுட்டுப் போகணும்லா? பாதியில அமுக்குனா உள்ளுக்குள்ள போயிரும்."

"பொறவு இதை மட்டும் எதுக்குவே அமுக்கப் போற?" என்றாள் மாடத்தி. "செவ்வாக்கெழமை வந்திருக்கா. வெள்ளிக்கெழமை எறங்கிருவா. மூணு நாளு. அந்தப் பெட்டியை நிறுத்துனா ஊருக்குள்ள போயிரும். தொட்டவன் வீட்டுல மொதல்ல போகும்."

குருசாமி கடப்பாரையைத் தோளில் சாய்த்துக்கொண்டான். சுகிர்தா என்னைப் பார்த்தாள். மூன்று நாள். எழுபத்திரண்டு மணி நேரம். செவ்வாய் ஒன்பது மணியிலிருந்து வெள்ளி ஒன்பது மணி. அவளுடைய நோட்டில் இருந்ததும் அதுதான்.

"வாயைத் திறக்காத," என்றேன்.

திறக்கவில்லை. புத்திசாலிப் பெண்.

அப்புறம் வெயிலுகந்தபுரம் தனக்குத் தெரிந்ததைச் செய்தது. சோதனைக் கொட்டகைக்கு வேப்பிலை கட்டினார்கள், அடி பம்புக்குக் கட்டினார்கள், பஸ் நிறுத்தத்துக்குக் கட்டினார்கள், டிரான்ஸ்பார்மர் கம்பத்துக்கும் கட்டினார்கள். செருப்பைக் கழற்றித் தலைவாசல் மாடத்தில் வைத்தார்கள். சூடு என்ற வார்த்தையை யாரும் வாயில் எடுக்கவில்லை, டீ கேட்பவன்கூட அது வேணும் என்றுதான் கேட்டான், அதுவும் கிடைக்கவில்லை, குருசாமி வடைச்சட்டியைக் கவிழ்த்துவிட்டு நீர்மோர் விற்றான். அம்மை வீட்டில் தாளிக்கக் கூடாது என்பதால் எந்த வீட்டிலும் கடுகு வெடிக்கவில்லை, எண்ணெய் காயவில்லை. சத்தம் ஆகாது என்பதால் மிக்சி ஓடவில்லை, கிரைண்டர் ஓடவில்லை, டிவி ஓடவில்லை. மாவு மில்காரன் தானாகவே பட்டையைக் கழற்றி வைத்தான். புருஷன் ஒரு பக்கம் பெண்டாட்டி ஒரு பக்கம் படுத்தார்கள். கஞ்சியும் சின்ன வெங்காயமும் இளநீரும் சாப்பிட்டுக்கொண்டு, நோயாளி படுத்திருக்கிற வீட்டில் நடப்பதுபோல ஊர் முழுக்க நுனிக்காலில் நடந்தது.

சுகிர்தா புதன்கிழமை காலையில் மீட்டரைப் பார்த்தாள். தட்டிப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி. இருநூத்து முப்பது. முதல் பத்து மணி நேரம் கணக்குல வராது, அதுக்கப்புறம் அசையவே இல்லை. இந்த மாதிரி ஒரு கரண்டை நான் படிச்ச காலேஜ்லயே பார்த்ததில்லை."

"ஊரே கொடுத்த கரண்டு," என்றேன். "வாங்கிக்க."

அன்று காலை ஒன்பது மணிக்கு மண்ணுக்கு ஜன்னி கண்டது. உளற ஆரம்பித்தது.

காதில் கேட்காது. செருப்பில்லாத காலில் கேட்கும். முதலில் ஏதோ முனகல். பிறகு பேர். ஒவ்வொரு பேராகச் சொன்னது. பேச்சிமுத்து. சுடலைவடிவு. மாரிக்கிழவன். அருளானந்தம். உடையார். சைதூன் பீவி. ஒரு பேருக்கும் அடுத்த பேருக்கும் நடுவே மூச்சு வாங்கியது. யார் பேர் இதெல்லாம் என்று பத்தரை மணி வரைக்கும் யாருக்கும் புரியவில்லை. அந்தோணியம்மாள்தான் ஓடிப்போய் ஸ்டோர் ரூமிலிருந்து பழைய பிரசவப் பதிவேட்டைக் கொண்டுவந்தாள். முதல் பக்கம். முதல் வரி. பேச்சிமுத்து.

ஆஸ்பத்திரி தொடங்கிய நாளிலிருந்து அங்கே பிறந்த பிள்ளைகளின் நஞ்சுக்கொடியைப் பின்பக்க வேம்பைச் சுற்றித்தான் புதைத்தார்கள். மண் அதையெல்லாம் வைத்திருந்தது. வரிசை மாறாமல் வைத்திருந்தது. காய்ச்சலில் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தது.

அவ்வளவுதான், ஊருக்கு வேறு வேலை ஓடவில்லை. அறுபது வயதுக்காரர்கள் வெறுங்காலோடு தெருவில் நின்றார்கள், தங்கள் பேர் வரும்வரை நின்றார்கள், வந்ததும் வெட்கப்பட்டுச் சிரித்தார்கள், பிறகு ஐம்பது வயதுக்காரர்கள் நின்றார்கள், செத்துப்போனவர்களின் பேர் வந்தபோது அந்தந்த வீட்டார் வந்து நின்றார்கள், மும்பைக்குப் போனவன் பேர் வந்தபோது அவன் தம்பி போனை மண்ணில் வைத்துக் கேட்கச் சொன்னான், அவனுக்குக் கேட்கவில்லை, இருந்தாலும் அந்தப் பக்கம் அழுதான். குருசாமியின் பேரை மண் இரண்டு தடவை சொன்னது.

"ஏன் எனக்கு மட்டும் ரெண்டு?" என்றான்.

"ஒனக்கு ஒரு தடவை சொன்னா எப்பவாவது கேட்டிருக்கா?" என்றாள் மாடத்தி.

வியாழக்கிழமை நண்பகலில் ஜீப் வந்தது. மண் கொதிக்கிறதாம், மெஷினை நிறுத்தச் சொல்லி உத்தரவு என்று கையில் காகிதத்தோடு ஓர் அதிகாரி. ஊர் எல்லைப் பாலத்தில் பெண்கள் மறித்தார்கள். வெளியூர் வெயிலோடு யாரும் நேரே அம்மை வீட்டுக்குள் வரக் கூடாது. கால் கழுவ வேண்டும். செருப்பைக் கழற்ற வேண்டும். நிழலில் உட்கார்ந்து உடம்பு ஆறிய பிறகுதான் உள்ளே.

"என்னம்மா இது? நான் கவர்மென்ட் ஆளு."

"கவர்மென்டுக்கும் கால் இருக்குல்லா? கழுவுங்க, ஐயா."

கழுவினார். வேப்பிலைத் தண்ணீர். பாலத்துக் கட்டையில் உட்கார்ந்து, வெறுங்காலை மண்ணில் ஊன்றினார். காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தார். கால் மணி நேரம் ஆகியிருக்கும். திடுக்கிட்டு எழுந்தார்.

"யாரு என் பேரைச் சொன்னது?"

பெண்கள் அவர் காலடி மண்ணைக் காட்டினார்கள்.

"முழுப் பேரை... வீட்டுல கூப்பிடுத பேரைச் சொல்லுச்சு."

"உங்க அம்மாவுக்கு எந்த ஊரு?" என்று கேட்டேன்.

அவர் ஆஸ்பத்திரி இருக்கிற திசையைப் பார்த்தார். "இந்த ஊர்தான்னு சொல்லுவா. தலைப்பிரசவத்துக்கு இங்க வந்தா. நான் அதுக்கப்புறம் வந்ததே இல்லை."

காகிதத்தை நான்காக மடித்தார். சட்டைப்பைக்குள் வைத்தார். ஒரு சொம்பு நீர்மோர் கேட்டார். குடித்துவிட்டு, ஜீப்பில் ஏறும்வரை செருப்புப் போடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு மண் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. பள்ளிக்கூடப் பிள்ளைகள், பால்வாடிப் பிள்ளைகள், தவழ்கிற பிள்ளைகள். கனி குழியடியில் நின்றிருந்தாள். அவள் பேர் முந்தின நாளே வந்துபோயிருந்தது. அவள் காத்திருந்தது அதற்கில்லை.

போன வருஷம் பங்குனியில் பிறந்த பிள்ளையின் பேரைச் சொன்னது மண். பிறகு நின்றது. ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம். அந்தோணியம்மாள் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தாள். அங்கேயும் அந்த இரண்டு மாசம் வெள்ளைத் தாள். பூட்டிக் கிடந்த வார்டு. மண்ணிடம் வந்து சேராத பிள்ளைகள். ஊர் முழுக்க வெறுங்காலோடு அந்த வெற்றிடத்தில் நின்றது. நாங்கள் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்ததை ஊர் முழுக்கக் காலால் கேட்டது.

பிறகு ஆனியிலிருந்து மறுபடி தொடங்கி, போன வாரம் பிறந்த பிள்ளைவரைக்கும் வந்தது. முடிந்தது என்று நினைத்தோம்.

ஒன்பது அடித்தது. சுகிர்தா ஸ்விட்சை அணைத்தாள். வெயிலில் வைத்த மஞ்சள் தண்ணீர்க் குடத்தை மாடத்தி தூக்கி வந்தாள். காய்ச்சல் இறங்கினால் தலைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். குழிக்கு முன்னால் வந்தவள், குடத்தைக் கனி கையில் கொடுத்தாள்.

"நீ ஊத்து தாயி."

கனி ஊற்றினாள். தண்ணீர் குழி வாயில் விழுந்ததும் மண் ஒரு தடவை சிலிர்த்தது. விழுகிற தண்ணீருக்கு நடுவில் ஒரு சொல் சொன்னது.

"நிறை..."

அதோடு நின்றுவிட்டது. காய்ச்சல் விட்டுவிட்டது. நடுக்கம் போனது. கால் குளிர்ந்தது. கோழிகள் எழுந்து, உதறிக்கொண்டு, தங்கள் வேலையைப் பார்க்கப் போயின.

"நிறைன்னா?" என்றான் குருசாமி. "ரொப்புன்னு அர்த்தம். குழியை மூடச் சொல்லுது."

"இல்லை. நிறைமாசம்னு சொல்ல வந்திருக்கும்," என்றாள் அந்தோணியம்மாள். "அதுக்குள்ள தண்ணி ஊத்திட்டோம்."

கனி காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள்.

சுகிர்தா குருசாமி கடைப் பலகையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். அடித்தாள். மறுபடி போட்டாள். ஊர் சுற்றி நின்றது. எனக்குப் பொறுமை கிடையாது.

"வாங்குச்சா வாங்கலையா? ஒத்த வார்த்தையில சொல்லு."

தலை நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது; மூன்று நாளாகத் தூங்கவில்லை. "சூடு கடத்துற அளவு ரெண்டு இருந்தாப் போதும்னு வந்தேன் அண்ணாச்சி. மூணு புள்ளி ஒண்ணு. உங்க மண்ணு சூட்டைக் கையில வாங்குது, பக்கத்துக் கைக்கு மாத்துது, அது அடுத்த கைக்கு மாத்துது. எதையும் தனக்குன்னு வச்சுக்கிடல."

"வார்டு?"

"நிக்கும்."

அந்தச் சொல் தெரு முனைக்குப் போய்ச் சேர்ந்ததோ இல்லையோ, கீழத்தெருவில் ஒருத்தி கடுகைப் போட்டாள். சடசட. பக்கத்து வீட்டில் ஒருத்தி. மேலத்தெருவில் ஒருத்தி. மூன்று நாள் அடைத்து வைத்த ஊர் ஒரே மூச்சில் தாளித்தது. இருநூறு சட்டியில் எண்ணெய் காய்ந்து, இருநூறு சட்டியில் கடுகு வெடித்து, கறிவேப்பிலையும் வரமிளகாயும் பெருங்காயமும் ஒன்றாய்க் கிளம்பி, ஊர் மொத்தமும் கண்ணில் தண்ணீர் விட்டுத் தும்மியது. வெளியூர்க்காரன் கேட்டிருந்தால் சரவெடி என்று நினைத்திருப்பான். அதோடு மிக்சிகள் அலறின, கிரைண்டர்கள் உருண்டன, எல்லா டிவியும் பாடின, மாவு மில்காரன் பட்டையை மாட்டி இழுத்தான், டிரான்ஸ்பார்மர் வேப்பிலையோடு சேர்ந்து படார் என்று வெடித்தது, ஊர் இருண்ட வீடுகளிலிருந்து வெளியே ஓடிவந்து கைதட்டியது.

குருசாமி எல்லாருக்கும் வடை சுட்டான். கல் மாதிரி இருந்தது. ஆறு தின்றேன்.

மேலும் பதினோரு குழி போட்டேன். ஆவணிக்குள் முடித்தேன். ஒவ்வொரு குழிக்கும் வேப்பிலை கட்டித்தான் போர் போடுகிற ரிக்கை இறக்கவிட்டார்கள். பலகையை மாற்றலாமா என்று சுகிர்தா கேட்டாள், ஊர் விடவில்லை. இன்றைக்கும் அங்கேதான் தொங்குகிறது.

அடுத்த சித்திரை பதினொன்றாம் தேதி, உச்சி வெயில், வெளியே நாற்பத்திரண்டு டிகிரி. தார் ரோடு செருப்பைப் பிடித்து இழுத்தது. வார்டு வாசலில் நான் நின்றிருந்தேன். உள்ளே கனி. பதினெட்டு கிலோமீட்டரும் இல்லை, இருபத்தேழும் இல்லை. வீட்டிலிருந்து நானூறு அடி நடந்து வந்திருந்தாள். அவளுடைய நிறைமாசம்.

சத்தம் கேட்டது. பிள்ளைச் சத்தம். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கதவு திறந்தது. அந்தோணியம்மாள் தலையை மட்டும் நீட்டினாள். அவள் பின்னாலிருந்து வந்த காற்று என் முகத்தில் பட்டது.

"பொம்பளைப் பிள்ளை அண்ணாச்சி. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. ஓடிப்போய் ஒரு போர்வை கொண்டாங்க."

"என்னது?"

"போர்வை. பிள்ளைக்குக் குளிருது."

சித்திரையில். வெயிலுகந்தபுரத்தில்.

நான் அறுபத்தொன்பது வயதில் தெருவில் ஓடினேன். ஓடுகிறபோதே கத்தினேன். போர்வை கொண்டாங்க, பிள்ளைக்குக் குளிருது. ஊரில் யாரிடமும் போர்வை இல்லை. யாருக்கு அங்கே எப்போது போர்வை தேவைப்பட்டது? குருசாமி கடைத்திரையைக் கிழித்தான். ஒருவன் சால்வையோடு வந்தான், ஒருத்தி கல்யாணப் பட்டோடு வந்தாள், மாடத்தி அம்மன் மேல் கிடந்த சிவப்புத் துணியையே உருவிக்கொண்டு வந்தாள். பிள்ளைக்கு அதைத்தான் போர்த்தினார்கள்.

சாயங்காலம் நஞ்சுக்கொடியை வேம்படிக்கு நானே எடுத்துப் போனேன். குழி வெட்டினேன், நூற்றுப் பதினேழும் பதினொன்றும் போட்ட கைக்கு இரண்டடிக் குழி. வைத்தேன். மூடினேன். செருப்பைக் கழற்றிவிட்டு நின்றேன். மண் ஒன்றும் சொல்லவில்லை. காய்ச்சல் இல்லாத மண் பேசாது. கீழே வார்டின் சூடு ஒவ்வொரு கையாக மாறிப் போய்க்கொண்டிருக்கும்.

அன்றைக்கு அது 'நிறை' என்று விட்ட இடத்திலிருந்து பிள்ளையின் பேரை நான்தான் எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது.

"நிறைகுளத்தாள்," என்றேன்.

கேட்டதோ என்னவோ. இன்னொரு தடவை சொன்னேன், சத்தமாக.